‘மறுகா பாப்பம்’ என்று பறக்க முடியாது

போன சீசனில் நாங்கள் நாலு பேர் பாசிக்குடாவில் ஒரு படகில் ஏறினோம். அடியில் கண்ணாடி போட்ட படகு. பவளப்பாறை பார்க்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். இஞ்சின் பூட்டியிருந்த இடத்தைப் பார்த்தேன். ஒரு பக்க இறுக்கியைச் சுற்றி நீல நைலோன் கயிறு கட்டியிருந்தது. “இது ஏன் அண்ணே?” என்று கேட்டேன்.

“அது கொஞ்சம் லூசு மனே. சீசன் முடியட்டும், மறுகா பாப்பம்.”

அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. மீன் பார்த்தோம், படம் எடுத்தோம், பத்திரமாகத் திரும்பி வந்தோம். ஒண்டும் நடக்கல.

ஒண்டும் நடக்காததால்தான் அந்தக் கயிறு இன்னும் அங்கேயே இருக்கும் என்று நினைக்கிறேன். நேற்று ஒன்றும் நடக்கவில்லை என்பது இன்றைக்குப் படகை இறக்க ஒரு காரணமாகிவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்தக் காரணத்துக்கு எதிரானது.

வீட்டுக்கு வந்த பிறகு இரவில் யூடியூப்பில் எங்கெங்கோ போய், கிளைடர் பறக்கவிடுகிற ஆட்களின் காணொளிகளில் சிக்கிக்கொண்டேன். கிளைடர் என்றால் இஞ்சின் இல்லாத விமானம். கயிற்றாலோ வேறொரு விமானத்தாலோ இழுத்து மேலே விடுவார்கள், பிறகு காற்றை நம்பிப் பறக்க வேண்டியதுதான். பாசிக்குடா வானத்தில் ஒரு கிளைடரையும் நான் கண்டதில்லை. ஆனால் அவர்கள் பறக்க முதல் செய்கிற வேலை என்னைப் பிடித்து இருத்தியது. அவர்கள் பிணைச்சல் பார்க்கிறார்கள்.

எங்கட வீட்டுக் கதவில் இருக்கிற அதே பிணைச்சல்தான். தமிழ்நாட்டில் கீல் என்பார்கள். விமானத்தைத் திருப்புகிற, ஏற்றுகிற, இறக்குகிற பாகங்கள் எல்லாம் இறக்கையிலும் வாலிலும் பிணைச்சலில்தான் தொங்குகின்றன. பெரிய இறக்கையைப் பார்த்து நாங்கள் வாய் பிளக்கிறோம். விமானியின் உயிரோ சில சின்ன ஊசிகளிலும் துளைகளிலும் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு பறப்பு நாளும் அந்தப் பாகத்தைக் கையால் பிடித்து, மெதுவாக ஆட்டிப் பார்க்கிறார்கள். ஆட்டம் கூடியிருக்கிறதா, ‘டக்’ என்று சத்தம் வருகிறதா, வெடிப்பு இருக்கிறதா, துரு பிடித்திருக்கிறதா? கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, கை வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். கிளைடரைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவார்கள், பறக்கிற நாளில் திரும்பப் பூட்டுவார்கள். பூட்டும்போது ஒரு இணைப்பு விட்டுப்போனால் கதை முடிந்தது. பல பழைய கிளைடர்களில் இருக்கிற ஒரு வகைப் பந்து இணைப்பு, சரியாகப் பூட்டாமலே பூட்டியது போலத் தெரியும். அதனால்தான் அதற்கு மேலதிகமாக ஒரு பாதுகாப்பு ஊசியோ உறையோ போடச் சொல்கிறார்கள். அதோடும் விடுவதில்லை. ஒருவர் உள்ளே இருந்து கட்டுப்பாட்டுக் கோலை அசைக்க, மற்றவர் வெளியே நின்று அந்தப் பாகத்தைக் கையால் தடுத்துப் பிடிக்கிறார். உள்ளே கொடுக்கிற பலம் உண்மையாகவே வெளியே வந்து சேர்கிறதா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். எவ்வளவு பெரிய அனுபவசாலியாக இருந்தாலும், தான் பூட்டியதைத் தானே பார்த்துச் சரி என்று சொல்ல முடியாது. சுக்கான், எலிவேட்டர் போன்றவற்றின் இணைப்பில் பழுதுபார்த்தால், வேலை செய்தவர் அல்லாத இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது விமானப் பராமரிப்பில் ஊறிப்போன வழக்கம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பழுதுபார்க்கிற விதம். அசைகிற ஒரு பாகத்தில் பிணைச்சலுக்குப் பின்னால் பாரம் கூடினால், ஒரு வேகத்துக்கு மேல் அது தானாகவே படபடவென்று அடிக்கத் தொடங்கலாம். சில நொடிகளில் பிய்ந்துபோகவும் கூடும். அதனால் வெடிப்புக்குக் கொஞ்சம் பசை பூசினாலும் சரி, புதுப் பெயின்ட் அடித்தாலும் சரி, திரும்ப எடை பார்த்து, சமநிலை பார்த்து, கையேட்டில் உள்ள அளவுக்குள் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். “நல்லாப் பலமாப் போட்டிருக்கன், இனிப் பயமில்ல” என்கிற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பழுதுபார்த்ததையும் பரிசோதிக்க வேண்டும்.

இந்த விதி எங்களுக்கு ஏன் என்று கேட்பவர்கள் குஜராத்தின் மோர்பியை நினைத்துப் பாருங்கள். ஆற்றின் மேலிருந்த பழைய தொங்குபாலத்தைப் புதுப்பித்து 2022 ஒக்டோபர் 26 அன்று திறந்தார்கள். நாலே நாளில், 30ஆம் திகதி மாலை, அது அறுந்து விழுந்தது. 130க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். பிறகு விசாரணைக் குழு பார்த்தபோது, ஒரு பிரதான வடத்தின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே அரித்துப்போயிருந்தன. பாலம் புதுசு போல இருந்தது. ஆனால் பாரத்தைத் தாங்கிய வடம் பழசு.

குஜராத் தூரம் என்றால் கிண்ணியா கிட்டத்தான். 2021 நவம்பர் 23 காலை, குறிஞ்சாக்கேணியில் ‘பாதை’ கவிழ்ந்தது. (வெளியூர் நண்பர்களுக்கு: ஆளையும் வாகனத்தையும் ஏற்றி ஆறு, வாவி கடக்கிற மிதப்பை எங்கட பக்கம் பாதை என்றுதான் சொல்லுவோம்.) பாலம் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது, அதுவரைக்கும் பாதையில்தான் போக்குவரத்து. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றைக்கே இறந்தார்கள். ஊர் கொதித்தது, கைதுகள் நடந்தன, அறிக்கைகள் வந்தன. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: இதற்கு யார் அனுமதி கொடுத்தது? தேவையான கேள்விதான். ஆனால் அது விபத்துக்குப் பிறகு கேட்கிற கேள்வி. விபத்துக்கு முதல் கேட்க வேண்டியது வேறு: இன்று காலை இதை யார் தொட்டுப் பார்த்தது?

2025 செப்டம்பரில் குருநாகல் மாவட்டத்தில் நா உயன ஆரண்யத்தில் கம்பிவடத்தில் இழுத்த வண்டியின் வடம் அறுந்து ஏழு பிக்குகள் இறந்தபோதும் எனக்கு இதே கேள்விதான் வந்தது. சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று பார்த்து வடம் அறுவதில்லை.

இனிப் பாசிக்குடாவுக்கு வருவோம். எங்கட கடலில் ஓடுகிற சின்னப் படகுகளுக்குத் தனியாகச் சுக்கான் இல்லை. பின்னால் தொங்குகிற இஞ்சின்தான் சுக்கான். அது இடம் வலம் திரும்புகிற அச்சுத்தான் பிணைச்சல். அதைப் படகோடு சேர்த்துப் பிடிக்கிறவை இரண்டு இறுக்கிகள். எல்லாமே உப்புத் தண்ணியிலும் உப்புக் காற்றிலும் கிடக்கின்றன. கடற்கரையில் வீடு வைத்திருக்கிற ஆட்களைக் கேளுங்கள், கேற்றுப் பிணைச்சல் எத்தனை வருஷம் தாங்குகிறது என்று. படகுக்கு மட்டும் உப்பு இரக்கம் காட்டுமா?

“இங்க தண்ணி இடுப்பளவுதானே” என்பது வழக்கமான பதில். கரையோரம் உண்மைதான், பாசிக்குடாவின் பெயரே அந்த ஆழமில்லாத அமைதியான கடலுக்குத்தான். ஆனால் கச்சான் அடிக்கிற நாளை யோசியுங்கள். அது தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. கரைக்குப் பக்கத்தில் அலையே தெரியாது, அதனால் சுற்றுலாவுக்கு நல்ல நாள் என்று தோன்றும். அந்த நேரம் இஞ்சின் கழன்றாலோ திரும்ப மறுத்தாலோ படகு கரைக்கு வராது. காற்று அதை வெளியேதான் தள்ளும். இடுப்பளவு தண்ணியில் ஏறிய ஆள் ஆழ்கடலில் இறங்க வேண்டி வரும். லைஃப் ஜாக்கெட்டோ பலகைக்கு அடியில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கும்.

வாவியிலும் இதே கதைதான். மண்முனையில் 2014இல் பாலம் வந்தது, பெரிய விடுதலை. ஆனால் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் இன்னும் பாதையை நம்பிப் படிக்கப் போகிற, படிப்பிக்கப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏறாமல் விடுகிற தெரிவே இல்லை.

இதற்கு மறுப்பு என்ன வரும் என்று தெரியும். “ஏசி அறையில இருந்து எழுதுறது லேசு. சுனாமி, யுத்தம், 2019 குண்டு, கொரோனா, 2022 எண்ணெய்க் கியூ எல்லாம் தாண்டி ரெண்டு காசு பாக்கிற ஆளிட்டப் போய் கொப்பி நீட்டப் போறியளா?” நியாயமான கோபம். அதிகாரிகள் வந்து தண்டப்பணம் எழுதிப்போவதுதான் பரிசோதனை என்றால் நானும் எதிர்ப்பேன். அப்படியான பரிசோதனை பழுதைக் குறைக்காது, பழுதை மறைக்கத்தான் பழக்கும். உண்மையைச் சொன்னால் ஒரு நாள் உழைப்புப் போகும் என்று தெரிந்தால் எந்தத் தகப்பன் சொல்லுவார்?

காகிதத்தில் மட்டும் ஒழுங்கு வைத்தாலும் போதாது. 2000 ஜனவரி 31இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 விமானம் கலிபோர்னியாவுக்கு அப்பால் கடலில் விழுந்து 88 பேரும் இறந்தார்கள். வால் பகுதியை ஏற்றி இறக்குகிற ஒரு திருகாணியின் மரை போதிய கிரீஸ் இல்லாமல் தேய்ந்துபோனதுதான் காரணம். கிரீஸ் போடுகிற இடைவெளியை நிறுவனம் கூட்டிக்கொண்டே போயிருந்தது, அதுவும் அனுமதியோடு. பணக்கார நாட்டிலும் ‘மறுகா பாப்பம்’ இருக்கிறது. அங்கே அதற்கு ஒரு முத்திரையும் குத்திக் கொடுத்திருந்தார்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிய சட்டம் இல்லை. கிளைடர் ஆட்களிடமிருந்து நாலு பழக்கத்தை எடுக்கலாம் என்கிறேன்.

முதலாவது, காலையில் பத்து நிமிஷம். இறுக்கி, திரும்புகிற அச்சு, எண்ணெய்க் குழாய், இஞ்சினை நிறுத்துகிற பாதுகாப்புக் கயிறு, அடிக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ஒட்டு, ஜாக்கெட் எண்ணிக்கை. இதற்குக் காசு தேவையில்லை.

இரண்டாவது, பக்கத்துப் படகுக்காரர் வந்து ஒரு தரம் கை வைத்துப் பார்ப்பது. நீங்கள் அவருடையதைப் பாருங்கள், அவர் உங்களுடையதைப் பார்க்கட்டும். இருவரும் ஒரு கொப்பியில் தமிழில் திகதி போட்டு எழுதட்டும்.

மூன்றாவது, ஒருவருக்கு உடைந்தால் எல்லாருக்கும் சொல்வது. 2010 ஜூன் 12இல் ஒஸ்ரியாவில் ‘பிளானிக்’ வகைக் கிளைடர் ஒன்று பறக்கும்போது இறக்கை உடைந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஒரு விபத்துத்தான். ஆனால் சில நாட்களிலேயே ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு அவசர உத்தரவு போட்டது, பல நாடுகளில் அந்த வகை தரையில் நிறுத்தப்பட்டது. ஒரு நாட்டில் தெரிந்த வெடிப்பு எல்லா நாட்டுக்கும் எச்சரிக்கையானது. எங்களுக்கு அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும். “என்ட இஞ்சின் அச்சில வெடிப்பு, இதே மொடல் வைச்சிருக்கிற ஆக்கள் பாருங்க.” சொன்னவரைக் கேலி செய்யாமல் இருந்தால் சரி.

நாலாவது, செலவைப் பங்கு போடுவது. வாடை தொடங்கி மாரி வந்தால் படகுகள் எப்படியும் கரையில் ஏறும். முழுப் பரிசோதனையும் பழுதும் அப்போதுதான் நடக்க வேண்டும். அந்தச் செலவை ஏழைப் படகுக்காரரின் தலையில் மட்டும் போடுவது அநியாயம். அந்தக் கடலைக் காட்டித்தான் ஹோட்டல்கள் அறை விற்கின்றன, அரசும் வரி எடுக்கிறது. அவர்கள் உதிரிப்பாகத்துக்கு ஒரு பங்கு போட்டால் என்ன குறையும்?

எங்களுக்கும் வேலை இருக்கிறது. அந்தப் பத்து நிமிஷப் பட்டியலை ஒரு பக்கத்தில், படத்தோடு, எங்கட தமிழில் செய்து கொடுக்கலாம். படகுக்காரர்களோடு இருந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எந்தப் பாகம் எப்போது போகும் என்று எங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக என்னைப் பற்றி ஒன்று. அந்த நீலக் கயிற்றை நான் பார்த்தேன், கேள்வியும் கேட்டேன். பதில் சரியில்லை என்று தெரிந்தும் ஏறினேன். நண்பர்களுக்கு முன்னால் பயந்தாங்கொள்ளி ஆகக்கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்தப் படகில் கழன்றிருந்தது இறுக்கி மட்டும் என்று என்னால் சொல்ல முடியாது. அடுத்த முறை போகும்போது, “இறுக்கிப்போட்டு வாங்க அண்ணே, நாங்க நிக்கிறம்” என்று சொல்லப்போகிறேன். அரை மணித்தியாலம் பிந்தினால் மீன் எங்கேயும் ஓடிவிடாது.