உதவுகிறார்களாம், உதவி!

வாசகரே, ஈட்டிக்காரனை உமக்குத் தெரியாமலிருக்கலாம்; உம் பாட்டனாருக்குத் தெரியும். கையில் தடியுடன், மாதம் பிறந்தால் வாசலில் வந்து நிற்பான். வட்டி கேட்பான், வைவான், சில வேளை அடிக்கவும் செய்வான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவன் ஒருநாளும் தன் தொழிலுக்கு ‘வளர்ச்சி ஒத்துழைப்பு’ என்று பெயர் சூட்டிக்கொண்டதில்லை!

அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள் வேறு. கொள்ளைநோய், போர், வறட்சி, விலையேற்றம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் துன்பம் வந்து விழும் இக்காலத்தில், ஏழை நாடுகளுக்குக் கைகொடுக்கிறோம் என்று மாநாடு கூட்டி மார்தட்டுகிறார்கள். அந்தக் கையின் இலட்சணத்தை அறிய ஒரே ஒரு நாட்டைப் பார்த்தால் போதும். ஜாம்பியா!

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கடற்கரையே இல்லாத நாடு. மண்ணுக்கடியில் செம்பு, மண்ணுக்கு மேலே வறுமை. 1964 அக்டோபர் 24 அன்று பிரிட்டிஷ் கொடி இறங்கி, கென்னத் கவுண்டாவின் தலைமையில் விடுதலைக் கொடி ஏறிற்று. 1970களின் நடுவில் உலகச் சந்தையில் செம்பின் விலை சரிந்தது, கடன் தொடங்கிற்று.

அக்கடன்களுள் ஒன்றின் கதையைக் கேளும். 1979இல் டிராக்டர் முதலான பொருள்களுக்காக ருமேனியாவிடம் ஜாம்பியா 1.5 கோடி டாலர் கடன்பட்டது. கட்ட முடியவில்லை. 1999இல், பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் பதிவு செய்யப்பட்ட ‘டோனிகால் இன்டர்நேஷனல்’ என்ற கம்பெனி அந்தக் கடன் பத்திரத்தை ருமேனியாவிடமிருந்து ஏறத்தாழ 33 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒரு டிராக்டரைக் கண்ணால் கண்டதா? இல்லை. ஒரு ஏக்கரை உழுததா? இல்லை. பழைய தாளை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு லண்டன் நீதிமன்றத்தின் படியேறி, 5.5 கோடி டாலர் கொடு என்றது! 2007இல் நீதிமன்றம் விதித்த தொகை ஏறத்தாழ 1.55 கோடி டாலர். போட்ட முதலுக்கு ஐந்து மடங்குக்குச் சற்றே குறைவு. 2005-06இல்தான் உலக நாடுகள் ஜாம்பியாவின் பழைய கடனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்திருந்தன. பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துக்கும் என்று விடுவித்த பணம், கழுகின் அலகுக்குள் போயிற்று.

அது பழங்கதை என்பீரோ? புதுக்கதை இன்னும் கொடிது.

2012, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஜாம்பியா அரசு டாலர் கடன் பத்திரங்களை விற்று 300 கோடி டாலர் திரட்டியது. முதல் பத்திரத்துக்கு நூற்றுக்கு ஐந்தரைக்குச் சற்றுக் குறைவான வட்டி; மூன்றாவதற்கு ஏறக்குறைய ஒன்பது! பிறகு வந்தது கொரோனா. செம்பு வாங்குவோர் குறைந்தனர், நாணயம் வீழ்ந்தது. “ஆறு மாதம் பொறுங்கள்” என்று கேட்டது ஜாம்பியா. உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஆண்டு அது. பத்திரக்காரர்கள் பொறுத்தார்களா? மறுத்தார்கள்! 2020 நவம்பர் 13 அன்று 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட இயலாமல் அந்நாடு கைவிரித்தது.

அதே நவம்பரில்தான் ஜி-20 எனப்படும் பெருநாடுகள் ‘பொதுச் சட்டகம்’ என்றொரு ஏற்பாட்டை அறிவித்தன. கடனில் மூழ்கும் நாட்டைக் கரையேற்றும் தோணியாம் அது. 2021 தொடக்கத்தில் ஜாம்பியா விண்ணப்பித்தது. கடன் கொடுத்த அரசுகள் 630 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு கண்டது 2023 ஜூனில். பத்திரக்காரர்களோடு கண்ட உடன்பாடு, எங்களைவிட அவர்கள் குறைவாக விட்டுக்கொடுப்பதா என்று அந்த அரசுகளாலேயே 2023 நவம்பரில் நிராகரிக்கப்பட்டது. கடைசியில் பத்திர மாற்றம் முடிந்தது 2024 ஜூனில். மூன்றாண்டுகளுக்கு மேல்! நீரில் மூழ்குகிறவனிடம், தோணியில் யார் எங்கே உட்காருவதென்று பேசிமுடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள்.

அதற்குள் காலன் காத்திருந்தானா? 2023 அக்டோபரில் தொடங்கிய காலரா 700க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. லுசாகா நகரின் விளையாட்டரங்கே மருத்துவமனையாயிற்று. குடிக்க நல்ல தண்ணீரும் கழிவுநீர்ச் சாக்கடையும் இருந்தால் தலைகாட்ட முடியாத நோய் அது. பின்னாலேயே எல் நினோ வறட்சி. மக்காச்சோளக் களியே அம்மக்களுக்கு அன்னம். ஏறத்தாழ 10 லட்சம் எக்டேர் மக்காச்சோளம் கருகிற்று. 2024 பிப்ரவரி 29 அன்று தேசியப் பேரிடர் அறிவிக்கப்பட்டது. கரீபா நீர்த்தேக்கத்தில் நீர் வற்றி, நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லை. (1950களில் உலக வங்கிக் கடனில் எழுந்த அணை அது. அதற்காக 50,000க்கும் மேற்பட்ட டோங்கா மக்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டனர். அதற்கும் அன்று முன்னேற்றம் என்றுதான் பெயர்.)

இத்தனைக்கும் பிறகு எழுதிய புதிய பத்திரத்தில் ஒரு விதி உண்டு. ஜாம்பியாவின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறினால், அதில் ஒரு பகுதிக்கு வட்டியும் கூடும், தவணையும் விரையும்! நோயாளி எழுந்து நடந்தால் மருத்துவருக்குக் கூலி இரட்டிப்பு என்பது போல. எழுந்து நடப்பதற்கே அபராதம் விதிக்கும் இவர்களா நண்பர்கள்?

“ஆட்சியாளர்கள் தாறுமாறாகக் கடன் வாங்கினார்கள், நாம் என்ன செய்வது?” என்பார்கள். வாங்கியது உண்மை. அந்த ஆட்சியாளர்களுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. ஆனால் ஒன்பது வட்டி எதற்காக வாங்கினீர்? பணம் திரும்பாமல் போகக்கூடும் என்ற அபாயத்துக்காகத்தானே? அபாயத்துக்கு விலை வாங்கிக்கொண்டவர், அபாயம் வந்ததும், எனக்கு நட்டமே கூடாது என்று கூவுவது எந்த ஊர் வியாபாரம்?

இன்னொரு கையையும் பாரும். 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது. அதற்கெனவே இருந்த நிறுவனத்தை அதே ஆண்டு ஜூலையில் மூடியது. நன்கொடை மருந்து திருடப்படுகிறது என்று காரணம் காட்டி, ஜாம்பியாவுக்கான மருந்துதவியில் ஆண்டுக்கு 5 கோடி டாலரை வெட்டுவதாக 2025 மே மாதம் அறிவித்தது. திருட்டு பொய்யல்ல. திருடனைச் சிறையிலடைப்பதுதானே முறை? எச்.ஐ.வி. மருந்துக்குக் கையேந்தி நிற்கும் தாய் என்ன திருடினாள்?

1970 அக்டோபர் 24 அன்று, அதாவது ஜாம்பியாவின் விடுதலை நாளிலேயே, ஐ.நா. பொதுச்சபை ஒரு தீர்மானம் செய்தது. செல்வ நாடுகள் தம் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கை உதவியாக அளிக்கவேண்டும் என்று. 2024இல் அவை அளித்தது 0.33. எல்லையைத் தொட்டவை நார்வே, லக்சம்பர்க், சுவீடன், டென்மார்க் ஆகிய நான்கே. அந்த 0.33இலும், தம் நாட்டுக்கு வந்த அகதிகளுக்குத் தம் நாட்டிலேயே செய்த முதலாண்டுச் செலவைச் சேர்த்துக் கணக்கெழுதுகிறார்கள். அகதிக்குச் சோறிடுவது நல்லறம். லண்டன் விடுதிக்குக் கொடுத்த வாடகை ஏழை நாட்டுக்குச் செய்த உதவியாவது எப்படி?

பிரிட்டனைத் தனியே ஒரு வார்த்தை கேட்கவேண்டியிருக்கிறது. டோனிகால் வழக்கு தந்த வெட்கத்துக்குப் பின் 2010இல் அதன் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. தள்ளுபடித் திட்டத்துக்கு உட்பட்ட பழைய கடன்களுக்கு, தள்ளுபடி போக மிஞ்சியதற்குமேல் கழுகுக் கம்பெனிகள் வழக்காட முடியாது என்று. நல்ல சட்டம். ஆனால் பிற்காலப் பத்திரங்கள் அதில் அடங்கா. ஜாம்பியாவின் அந்த 300 கோடி டாலர் பத்திரங்களோ ஆங்கிலச் சட்டப்படி எழுதப்பட்டவை. படைச்செலவுக்காக உதவியை 2027இல் 0.3 பங்காகக் குறைப்போம் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்த பிரிட்டனே, பணம் இல்லை என்கிறாய், இருக்கட்டும். கடன் கொடுத்தோரில் பெரும்பாலோர் ஒப்பிய தள்ளுபடிக்குமேல் எவரும் உன் நீதிமன்றத்தில் கேட்கக்கூடாது. விண்ணப்பித்த நாளிலிருந்து எல்லாத் தவணையும் ஒருசேர நிற்கவேண்டும். இந்த இரண்டு விதிகளை அந்தச் சட்டத்தில் எழுத உன் கஜானாவிலிருந்து எத்தனை பவுன் செலவாகும்?