மைக்ரோஹென்றி மட்டும் பார்த்து காயில் வாங்கும் மகான்களே!

பி.காம். படிக்கிற பயலுக்கு காயிலைப் பத்தி என்னடா தெரியும்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா இது கணக்குத் தகராறுங்க. அதான் மூக்கை நுழைக்கிறேன் :-)

என் ரூம்மேட் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். ஆடியோ மிக்ஸர் செய்ய 24 வோல்ட்டிலிருந்து +12, -12 ரெண்டும் வேணும். ஒரே ஒரு சின்க்ரனஸ் பக் சிப் பிளஸ்ஸைக் கொடுக்கும். அதே காயில்ல ரெண்டாவது வைண்டிங், ஒரு டயோடு, அதிலிருந்து மைனஸ். அருமையான யோசனை. டிசைன்ல சொன்ன காயில் விலை அதிகம்னு கடைக்காரர் வேற ஒண்ணு கொடுத்தார். "அதுவும் 100 மைக்ரோஹென்றி, இதுவும் 100. எல்லாம் ஒண்ணுதான் தம்பி." 60 ரூபாய் மிச்சம். பிளஸ்ஸுக்கு மட்டும் லோடு கொடுத்துப் பார்த்தான். மைனஸ் பக்கம் 19 வோல்ட்! 16 வோல்ட் கெபாசிட்டர் உப்பிப்போச்சு. ரெண்டு நாள் வேலையும் போச்சு.

அந்த "எல்லாம் ஒண்ணுதான்" மேலதான் எனக்குக் கோபம்.

சிப் கண்காணிக்கிறது பிளஸ்ஸை மட்டும்தான். ஆடிட்டர் தலைமை அலுவலகத்தை மட்டும் பார்த்துட்டுக் கிளம்புற கதை. கிளை ஆபீஸ் ஒழுங்கா நடக்குறது காயிலோட பிணைப்பை நம்பித்தான். ரெண்டு கம்பியையும் சேர்த்துப் பிடிச்சுச் சுத்தினா காந்தப்புலம் கிட்டத்தட்ட முழுசும் பொது. ஓரத்துக்கு ஒண்ணாச் சுத்தினா கசியும். லோடு இல்லாதப்ப அந்தக் கசிவால துள்ளுற ஸ்பைக்கெல்லாம் கெபாசிட்டர்ல சேர்ந்து வோல்டேஜ் ஏறும். லோடு கூடினா மைனஸ் தொங்கிடும்.

"டம்மி லோடு போட்டா போச்சு"ங்கிறாங்க சிலர். ஏறுறதுக்கு அது மருந்து, தொங்குறதுக்கு இல்லை. அதோட, பவரை எப்பவும் வீணாக்கிக்கிட்டே இருக்கும். 60 ரூபாயை மிச்சம் பிடிச்சு ஆயுசுக்கும் வட்டி கட்டுறதுக்குப் பேர் சிக்கனமா?

சோதிக்கிறது சுலபம். ஒரு வைண்டிங்கை ஷார்ட் பண்ணி, இன்னொண்ணை எல்சிஆர் மீட்டர்ல அளந்து பாருங்க. 100 இருந்த இடத்தில 1, 2 காட்டினா நல்ல காயில். 10 காட்டினா திருப்பிக் கொடுத்துடுங்க.

அடுத்த தப்பு, சாச்சுரேஷன் கரண்ட். பிளஸ்ல 0.3 ஆம்பியர், மைனஸ்ல 0.2 எடுத்தா, கோர் சுமக்கிறது ரெண்டின் கூட்டுத்தொகை: சராசரி 0.5. 200 கிலோஹெர்ட்ஸ்ல 100 மைக்ரோஹென்றிக்கு ரிப்பிள் 0.3 வரும், அதில் பாதியைச் சேர்த்தா உச்சம் 0.65. "0.3 தானே ஓடுது"ன்னு 0.5 ஆம்பியர் காயில் வாங்கினா கோர் நிறைஞ்சு இண்டக்டன்ஸ் சரியும், கரண்ட் எகிறும். ஸ்டார்ட் ஆகும்போதும் ஷார்ட் ஆகும்போதும் கரண்ட் சிப்போட லிமிட் வரைக்கும் போகலாம். அதனால அந்த லிமிட்டைத் தாண்டி நிக்கிற காயிலா வாங்குங்க. டேட்டாஷீட்ல இருக்கிற எண் ஒரு வைண்டிங்குக்கா, ரெண்டும் சேர்த்தாங்கிறதையும் படிங்க.

ஒண்ணு ஒத்துக்கிறேன். மெயின்ஸ்லேருந்து பிரிச்சு வைக்கணும்னா, சாதாரண எனாமல் கம்பியை இப்படி ஒண்ணாச் சுத்தினது ஆபத்து. இங்கே ரெண்டு பக்கமும் ஒரே கிரவுண்டு, அதனால பரவாயில்லை.

விலைச்சீட்டுல இருக்கிறது கொள்முதல் விலை. உப்பின கெபாசிட்டரும் ரெண்டு ராத்திரித் தூக்கமும் செலவுப் பக்கத்திலதாங்க வரும். முதல் வருஷ அக்கவுண்டன்சி பையனுக்கே தெரியும் இது!