இறக்கத்தில் ஏமாற்றும் பிரேக்

சித்தூரிலிருந்து பைக்கில் திருமலைக்குப் போகிறவர்களுக்கு, ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் தேவை. இறங்குவது 1944-இல் திறந்த பழைய பாதை. ஏறுவது 1974-இல் வந்தது.

வழியெல்லாம் பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் டிஸ்கின் சூடு ஆயிலுக்கும் ஏறும். புதிய டாட் 4 பிரேக் ஆயில் 230 டிகிரி வரை தாங்கும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஆவி சேர்ந்தால் லீவர் பஞ்சுபோல அமுங்கும், வண்டி நிற்காது. உடனே கியரைக் குறையுங்கள். லீவரை விட்டு விட்டு அழுத்துங்கள். ஓரங்கட்டி ஆறவிடுங்கள், ஊர் திரும்பியதும் ஆயிலை மாற்றுங்கள்.

சூடே ஏறாதபோதும் லீவர் பஞ்சாக இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும். அழுத்திப் பிடிக்கும்போது மெல்ல உள்ளே இறங்கி, வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர் வாஷரைப் பாருங்கள். கிளட்ச் ஹைட்ராலிக் என்றால் அதற்கும் இதே சோதனைதான்.

பின்னால் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. கிளம்பும் முன் ஒரு முறை லீவரை அழுத்திப் பாருங்கள்.