தணிந்த ஜுரமும் தணியாத அபாயமும்

ஜுரம் தணிந்த வீட்டில் கவலையும் தணிவது இயல்பு. நோயாளிக்குக் கஞ்சி வார்த்துவிட்டு அவரவர் தத்தம் வேலையைப் பார்க்கப் புகுவர். ஏனைய ஜுரங்கள் பலவற்றில் இதனாற் பெருங்கேடு விளைவதில்லை. டெங்கு ஜுரத்திலோ, உடலின் வெம்மை இறங்கும் அந்நாளே அபாயம் தலைகாட்டும் நாளாம். இவ்வுண்மையைப் பரப்புவதை விடுத்து, பொதுஜனங்களும் பத்திரிகைகளும், ஏன், வைத்தியருள் சிலருங்கூட, தட்டணுக்களின் எண்ணிக்கை ஒன்றையே பேசிக்கொண்டிருப்பது பொருந்தாதென்பது நமது துணிபு.

பகலிற் கடிக்கும் ஏடிஸ் கொசுவினாற் பரவும் இந்நோய்க்கு வைரஸ் வகைகள் நான்கு. 1968ஆம் ஆண்டு வேலூரிலே டெங்கு பரவியபோது நான்கு வகைகளும் மனிதரிடத்தும் கொசுக்களிடத்தும் கண்டறியப்பட்டன. ஆதலின் இவை நம் நாட்டிற்குப் புதியன அல்ல. ஒரு வகையால் நோயுற்றுத் தேறியவர்க்கு அவ்வகையினின்று நெடுங்காலப் பாதுகாப்பு உண்டு. வேறொரு வகை பின்னர்த் தொற்றுங்காலோ, முன்பு உண்டான எதிர்ப்பொருளே அவ்வைரஸ் அணுக்களுக்குட் புகத் துணைசெய்து நோயைக் கடுமையாக்குவதும் உண்டு. ‘எனக்கு முன்னமே வந்து போயிற்று’ என்று விடுதி மாணாக்கர் கூறும் தைரியம் இதனாலேயே ஆதாரமற்றது.

பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் ஜுரம் இறங்கும். அப்போது சிலர்க்கு மெல்லிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கி, இரத்தத்தின் நீர்ப்பகுதி மார்பறையிலும் வயிற்றறையிலும் சென்று தேங்கும். குழாய்க்குள் எஞ்சிய இரத்தம் செறிவடையும். அதிற் செவ்வணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோக்ரிட் அளவு ஏறும். இக்கசிவு 24 முதல் 48 மணி நேரம் வரை நிகழ்ந்து தானே நின்றுவிடும். வைரஸை ஒழிக்கும் மருந்து இன்றும் கைவசம் இல்லாமையால், அவ்விரண்டு நாட்களை நோயாளி கடந்து செல்லும்படி காப்பதே வைத்தியரின் தலையாய வேலை.

சொல்லுதற்கு எளிதாயினும் செய்தற்கு இஃது அரிது. நோயாளியின் தோற்றமே ஏமாற்றும். கைகால் சில்லிட்டு, நாடி மெலிந்து விரைந்து, சிறுநீர் குறைந்த நிலையிலும் அவர் தெளிவாகப் பேசுவார். இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுஞ் சரியாகவே இருக்கும். கீழ் எண் மட்டும் ஏறி, இரண்டிற்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதனினுங் குறைவாகச் சுருங்கியிருக்கும். மேல் எண்ணை மாத்திரம் நோக்குபவர் ‘நலம்’ என்று எழுதிச் செல்வார். அந்த எண்ணும் வீழ்ந்தபின் மீட்பது மிகக் கடினம்.

நீர் ஏற்றுவதிலும் இதே நெருக்கடிதான். குறைந்தால் உறுப்புகள் இரத்தமின்றி வாடும். மிகுந்தால் ஏற்றிய நீருங் கசிந்து மூச்சை நெருக்கும். கசிவு நின்றபின், வெளியே தேங்கிய நீர் இரத்தத்துக்குத் திரும்பும். அவ்வேளையிலும் முன்போலவே நீரை ஏற்றிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே காலையில் எழுதிய அளவு மாலைக்கு உதவாது. ஹீமட்டோக்ரிட் இறங்குவதற்கும் பொருள் இரண்டு. நோயாளி தேறிவருகையில் அது நற்குறி. நாடி தளர்ந்திருக்கையிலோ உள்ளே மறைவாக இரத்தம் பெருகுவதன் குறி. அப்போது வேண்டுவது உப்புநீர் அன்று, இரத்தமே. ஏற்றும் நீர் விலையுயர்ந்ததாக இருத்தல் வேண்டுமென்பதுமில்லை. வியட்நாமில் 383 குழந்தைகளை வைத்து நடத்தி 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மிதமான அதிர்ச்சி நிலைக்கு மலிவான ரிங்கர் லாக்டேட்டே போதியதெனத் தெரிந்தது.

இனித் தட்டணுக்கள். அவை விரைந்து குறைவது கசிவு நெருங்குவதற்கு ஓர் அறிகுறி, அவ்வளவிற் பயனுடையது. ஆனால் எண் குறைந்ததென்ற ஒன்றுக்காகவே உற்றார் இரத்த வங்கிதோறும் அலைவது வீண். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான பரிசோதனையில், எண்ணிக்கை 20,000 அல்லது அதனினுங் குறைந்த பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றியும் இரத்தக் கசிவு குறையவில்லை. தீய விளைவுகளே மிகுந்தன. அலையும் அந்நேரத்தில் ஒருவர் நோயாளியின் பக்கத்திலிருந்து அவருடைய சிறுநீரை அளந்து குறித்தால் வைத்தியர்க்கு எவ்வளவோ உதவியாகும்.

தக்க கவனிப்பின்றேல் கடுமையான டெங்குவில் நூற்றுக்கு இருபதின்மர் வரை இறக்கக்கூடும். கவனிப்பிருந்தால் ஒருவரினுங் குறைவு. இவ்வேற்றுமையை உண்டாக்குவது நள்ளிரவில் நாடி பார்க்கும் செவிலியே. நோய்க்காலத்தில் அவரொருவரிடம் எண்ணற்ற படுக்கைகளை ஒப்படைத்துவிட்டுப் புதுக் கட்டடங்களுக்குப் பணம் ஒதுக்குவது எவ்வகைச் சிக்கனமோ அறியோம்! ஹீமட்டோக்ரிட் பார்க்கும் சிறு சுழற்பொறியும், இரவிற் கூடுதலாக ஒரு செவிலியும் ஒவ்வொரு சிறிய வைத்தியசாலைக்கும் முதலில் வேண்டும்.

நம் விடுதிகளிலும் செய்யத்தக்கது உண்டு. ஜுரங்கண்ட மாணாக்கர்க்கு ஆஸ்பிரின், ஐபுபுரோபன் ஆகியவற்றைக் கொடாது பாரசிட்டமால் மாத்திரமே அளவறிந்து கொடுத்தல் வேண்டும். ஓயாத வயிற்றுவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, ஈறுகளில் இரத்தம், சோர்வு அல்லது பரபரப்பு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும், இரவென்று பாராமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். ஜுரம் நின்ற அன்றே அவர் பெயரை நோயாளர் பட்டியலினின்று நீக்கும் வழக்கத்தை மாற்றி, மேலும் இரண்டு நாள் அதில் வைத்திருக்குமாறு விடுதித் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.