கருவிகள் வருகின்றன, ஆய்வு மாணவருக்கு இடம் எங்கே?

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியா ஈர்ப்பலை ஆய்வகத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எழும்பிவரும் எஸ்.கே.ஏ. வானொலித் தொலைநோக்கித் திட்டத்தில் இந்தியா சேர்வதற்கு 1,250 கோடி ரூபாய். வரவேற்க வேண்டிய முடிவுகள். ஆனால் இந்தக் கருவிகள் கொண்டுவந்து கொட்டப்போகும் தரவுகளுக்குப் பொருள் சொல்ல வேண்டியவர்கள் கோட்பாட்டு வானியற்பியலாளர்கள். அவர்களை உருவாக்கும் முனைவர் பட்ட ஆய்வு இடங்களோ நாட்டில் மிகக் குறைவு. கருவிக்குப் பணம் ஒதுக்கும்போதே ஆய்வு மாணவருக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

கருவி முதலில் வரட்டும், ஆட்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்தத் துறையின் வரலாறு தெரியாதவர்கள் சொல்வது. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதன்முதலாக ஈர்ப்பலையை உணர்ந்தன. அதிர்வுக்கு உள்ளான கருந்துளை, அடித்த மணியைப்போல ஒலித்து ஓயும் என்று நம் சி.வி.விஸ்வேஸ்வரா கணக்கிட்டுச் சொன்னது 1970இல். அப்போது அவர் அமெரிக்காவில் ஆய்வு செய்த இளைஞர். இரைச்சலுக்கு நடுவே அந்த அலையைப் பிரித்தெடுப்பது எப்படி என்று புனேயின் ஐயுகா மையத்தில் சஞ்சீவ் துரந்தரும் பி.எஸ்.சத்யபிரகாஷும் 1990களின் தொடக்கத்திலேயே வழி வகுத்தார்கள். அலையின் வடிவத்தைத் துல்லியமாகக் கணக்கிட்ட சர்வதேசக் குழுவில் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் பாலா ஐயர் இருந்தார். கருவி காதில் வாங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எதைக் கேட்க வேண்டும் என்று தாளில் எழுதிவைக்கப்பட்டிருந்தது. லைகோ-இந்தியா இயங்கும்போது அதை வழிநடத்த வேண்டியவர்கள் இன்று எம்.எஸ்சி. முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கும் மாணவர்கள்தான்.

இயற்பியலாளர் அமல்குமார் ராய்சவுத்ரியை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கல்கத்தாவில் அவருக்கு ஒப்படைக்கப்பட்ட ஆய்வு வேலை வேறு. பொதுச் சார்பியலில் வழிகாட்ட அருகில் யாருமில்லை. முனைவர் பட்டமும் அப்போது இல்லை. அந்த நிலையில் அவர் எழுதி 1955இல் வெளியான சமன்பாட்டின் மேல்தான் பென்ரோஸும் ஹாக்கிங்கும் தங்கள் தேற்றங்களைக் கட்டினார்கள். பென்ரோஸுக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடும் என்பதற்கு இந்தக் கதையைச் சான்றாகச் சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு ராய்சவுத்ரி தப்பிப் பிழைத்தார் என்றால், வழிகாட்டி கிடைக்காமல் பாதியில் நின்றுபோனவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியவே தெரியாது.

இத்தனைக்கும் கோட்பாட்டு வானியற்பியல் செலவு குறைந்த ஆராய்ச்சி. ஒரு கணினி, நல்ல நூலகம், நெறியாளர், மாத உதவித்தொகை, சிலருக்கு மட்டும் மீக்கணினியில் கொஞ்சம் நேரம். 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து, அரசு உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறிய 19 வயது சந்திரசேகர், பயணத்திலேயே வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். அவருக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. அந்த உதவித்தொகை தேவைப்பட்டது.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள் கழித்து முதுநிலை ஆய்வாளராக 42,000 ரூபாய். ஐந்து ஆண்டுக்குக் கூட்டினால் சரியாக 24 லட்சம். வீட்டு வாடகைப் படியும் இதர செலவும் சேர்த்து 32 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். லைகோ-இந்தியாவின் 2,600 கோடியில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 26 கோடி, 81 மாணவர்களை முனைவர் பட்டம் வரை கொண்டுசேர்க்கும். இவ்வளவு சிறிய தொகையைத் திட்டச் செலவிலேயே சேர்க்க முடியாது என்று எந்த நிதி அதிகாரியும் சொல்ல முடியாது.

தொகை எவ்வளவு என்பது மட்டுமல்ல, எப்போது கைக்கு வருகிறது என்பதும் முக்கியம். மாதங்கள் தள்ளி மொத்தமாக வரும் உதவித்தொகையை நம்பி வீட்டு வாடகை கொடுக்க முடியாது. வீட்டிலிருந்து பணம் வரவழைக்க முடிந்தவர் தாக்குப்பிடிக்கிறார். முடியாதவர் வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுகிறார். 2014, 2019, 2023 என ஒவ்வொரு உயர்வும் ஆய்வு மாணவர்கள் குரல் கொடுத்த பிறகே வந்தது. அரசு ஊழியருக்கு இருப்பதுபோல் அகவிலையோடு சேர்ந்து உயரும் ஏற்பாடு இவர்களுக்கும் வேண்டும். மாதம் பிறந்தால் பணம் வர வேண்டும்.

தமிழக அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொடைக்கானலில் 1899 முதல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. ஆனால் மாவட்டக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் முதுகலை படிக்கும் பெண்ணுக்கு இவை எல்லாம் வேறு உலகம். பொதுச் சார்பியல் விருப்பப் பாடமாகக்கூட இல்லாத கல்லூரிகள் பல. முனைவர் பட்ட ஆய்வில் சேர ஜெஸ்ட் என்றொரு நுழைவுத்தேர்வு இருப்பதே விண்ணப்பிக்கும் நாள் கடந்த பிறகு தெரிய வருகிறது. நம் அரசுப் பல்கலைக்கழகங்களிலேயே அவருக்கு ஒரு கதவு திறக்க முடியும். யு.ஜி.சி. விதிப்படி ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். ஒரு பேராசிரியர் பணியிடத்தைக் காலியாக விட்டால் எட்டு மாணவர்களின் இடம் போகிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததாக நினைப்பவர்கள் இந்த எட்டையும் எண்ணிப் பார்க்கட்டும்.

பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஐயுகாவில் தங்கி ஆய்வு செய்ய வருகை இணைப்பாளர் திட்டம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும் ஆசிரியருக்கு விடுப்புத் தர கல்லூரி முதல்வர்கள் தயங்கக் கூடாது. அவர் திரும்பி வரும்போது அந்தத் துறைக்கு ஒரு நெறியாளர் கிடைக்கிறார்.

லைகோ-இந்தியா இயங்கத் தொடங்குவது 2030ஐ ஒட்டி என்று எதிர்பார்க்கப்படுகிறது. முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் ஆகும். கருவி தயாராகும் நாளில் ஆளும் தயாராக இருக்க வேண்டுமானால், வரும் கல்வியாண்டின் சேர்க்கை அறிவிப்பிலேயே கோட்பாட்டு வானியற்பியலுக்கான இடங்களை மத்திய அரசு உயர்த்த வேண்டும். காலிப் பணியிடங்களை மாநில அரசு அதற்குள் நிரப்ப வேண்டும்.