பாடாத சுவர்க்கோழி

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், மாணாக்கரின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த என் மேசைமீது என் இளைய மகன் ஒரு ஜாம் போத்தலைக் கொண்டுவந்து வைத்தான். மூடியில் ஆணியால் துளைகள் இடப்பட்டிருந்தன. உள்ளே, ஒன்றரை அங்குல நீளமும் பருத்த தலையும் உடைய ஒரு சுவர்க்கோழி, சுவரைத் தேடுவதுபோல் சுற்றிச் சுற்றி வந்தது. பையனின் சுட்டுவிரல் நுனியில் சிவந்த பொட்டொன்று இருந்தது.

“அப்பா, இது நல்லாய்க் கடிக்குது. ஆனால் ஏன் கத்துதில்லை?” என்று கேட்டான்.

நம் காலத்துப் பிள்ளைகள் பொன்வண்டைத் தீப்பெட்டியில் இட்டு, இலை கொடுத்து வளர்த்தவர்கள். ஆதலின் பூச்சி வளர்ப்பது எனக்குப் புதினமான காரியமன்று. ஆனால், கடிக்கின்ற பூச்சியை, அதிலும் இரவெல்லாம் காதைத் துளைக்கும் சாதியைச் சேர்ந்த ஒன்றை, விரும்பி வளர்ப்பார் உண்டோ என்று அவன் தாயார் கேட்டபோதுதான், எப்போதோ படித்த சீன தேசத்துச் செய்திகள் என் நினைவுக்கு வந்தன. அன்றிரவு பையனுக்குச் சொன்னவற்றையே இந்த வாரம் வாசகர்களுக்கும் சொல்ல எண்ணுகிறேன்.

இப்பூச்சியைச் சுவர்க்கோழி என்று புத்தகத் தமிழிலும், சில்லூறு என்று ஊர்ப் பேச்சிலும் வழங்குகிறோம். கோழி என்று பெயரிட்டவர் அதன் குரலைக் கருதியே இட்டிருப்பார். சீனரோ அதனைச் சேவலாகவே ஆக்கிவிட்டார்கள்.

தொடக்கத்தில் அவர்கள் விரும்பியது பாட்டையே. தாங் வமிசத்துச் சக்கரவர்த்தி சுவான்சொங் ஆண்ட எட்டாம் நூற்றாண்டில், இலையுதிர் காலம் வந்ததும் அந்தப்புரத்துப் பெண்கள் சுவர்க்கோழிகளைப் பிடித்துச் சிறிய பொற்கூடுகளில் அடைத்துத் தலையணையருகே வைத்து, இராக்காலத்தில் அவற்றின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பார்களாம். அரண்மனைச் சுவருக்குள் தாமும் அடைபட்டிருந்த அப்பெண்களுக்கு அந்தப் பாட்டு எவ்விதம் ஒலித்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இவ்வழக்கம் வெளியே குடிசனங்களிடமும் பரவிற்று.

சண்டை அதன் பின்னர் வந்தது. தென் சோங் அரசின் முதன்மந்திரியாக விளங்கியவர் ஜியா சுதாவ் என்பவர். 1213 இல் பிறந்தவர். சுவர்க்கோழிகளைத் தெரிவு செய்தல், உணவூட்டல், நோய் தீர்த்தல், போருக்குப் பழக்கல் ஆகியவற்றைக் கூறும் ஒரு நூல் அவர் பெயரால் இன்றும் வழங்குகின்றது. மங்கோலியர் சியாங்யாங் நகரை ஆண்டுக்கணக்காக முற்றுகையிட்டிருந்த வேளையில், மந்திரியார் ஹாங்சௌ ஏரிக்கரை மாளிகையில் தம் காதற்கிழத்தியரோடு தரையில் குந்தியிருந்து சுவர்க்கோழிச் சண்டை நடத்தினார் என்றும், இதுதானோ நாட்டின் தலையாய இராணுவ அலுவல் என்று நண்பர் ஒருவர் அவரைப் பரிகசித்தார் என்றும் சரித்திரம் எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். 1273 இல் சியாங்யாங் வீழ்ந்தது. 1275 இல் மந்திரியார் நாடு கடத்தப்பட்டுச் செல்லும் வழியிற் கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஹாங்சௌ சரணடைந்தது. ஓர் அரசு வீழ்ந்த பழியைப் பூச்சியின் தலையிற் சுமத்துவது நியாயமன்று என்பதே என் எண்ணம். ஆயினும் மந்திரியாரின் அரசியல் அறிந்தவர் சிலராகவும், அவருடைய பூச்சிகளை அறிந்தவர் பலராகவும் இருப்பது வியப்புக்குரியதே.

இப்பூச்சிகளை வளர்ப்போரின் சிரத்தையைக் கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் பொறாமைப்படுவார்கள். சிக்காகோ நகரத்துப் பீல்ட் நூதனசாலையில் ஆராய்ச்சியாளராக இருந்த பேர்த்தோல்ட் லௌபர் 1927 இல் இதுபற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். சண்டைப் பூச்சிக்குச் சோறும் வெள்ளரியும் தாமரை விதையும் கொடுப்பார்கள். நுளம்பும் உண்டு. சிலர் தம் கையையே நீட்டி நுளம்புகளைக் கடிக்கவிட்டு, அவை இரத்தம் குடித்துப் பருத்த பின் பிடித்துத் தம் செல்வங்களுக்கு ஊட்டுவார்களாம்! நோய்க்கு நோய் வேறு பத்தியம். குளிர்காலத்தில், பாடும் பூச்சியைச் சுரைக்குடுக்கையில் இட்டு அங்கிக்குள் வைத்து உடம்பின் சூட்டினாற் காப்பார்கள். அக்குடுக்கைகளும் சாமானியமானவை அல்ல. பிஞ்சாயிருக்கும்போதே அச்சுக்குள் அடைத்து, பூவும் உருவமும் தன்மேற் படியுமாறு கொடியிலேயே வளர்க்கப்பட்டவை. பல போர்களில் வென்ற வீரன் இறந்தால், சிறிய வெள்ளிப் பேழையில் வைத்து அடக்கம் செய்வதும் உண்டென்று லௌபர் எழுதியிருக்கிறார்.

போரின் முறை இது. இரு பூச்சிகளையும் நிறுத்து, ஒத்த எடையுள்ளவற்றையே எதிர் நிறுத்துவர். நுனியில் மெல்லிய மயிரையுடைய ஒரு குச்சியினால் தடவிச் சினமூட்டுவர். இடையிலுள்ள தடுப்பை எடுத்ததும் உணர்கொம்புகள் தொட்டுக்கொள்ளும்; தாடைகள் விரியும்; பின்னர் தாடையோடு தாடை பூட்டி, மற்போர் வீரரைப்போல் தள்ளவும் புரட்டவும் முயலும். பெரும்பாலும் சில கணங்களில் எல்லாம் முடிந்துவிடும். தோற்றது திரும்பி ஓடும்; வென்றது நின்ற இடத்தில் நின்று பாடும். உயிர்ச்சேதம் அருமை, கால் முறிதலும் கொம்பு இழத்தலும் உண்டு.

தோற்ற பூச்சி லேசில் மறுபடி போருக்கு வராது. ஒரு நாள் முழுவதும் எதிரியைக் கண்டால் ஒதுங்கிப் போகும். அதற்கும் சீனர் வைத்தியம் கண்டிருந்தார்கள். அதனைக் கைக்குள் வைத்துக் குலுக்கி, மேலே எறிந்து எறிந்து பிடிப்பார்கள். பழைய வீரம் திரும்பிவிடும். இது வெறும் நம்பிக்கை என்று பலர் எண்ணியிருக்கலாம். ஆனால் ஹோப்மன், ஸ்டீவன்சன் என்னும் இரு விஞ்ஞானிகள், தோற்ற சுவர்க்கோழிகளைக் காற்றோட்டத்தில் சிறிது நேரம் பறக்கவிட்டு, அவை மீண்டும் துணிவுடன் போரிடுவதைக் கண்டு, 2000 ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அறிவித்தார்கள். பரீட்சையில் தவறிய மாணாக்கனை மறுநாளே மேசைக்கு இழுத்துவந்து இருத்தும் பெற்றோரைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தப் பரிசோதனை ஞாபகம் வரும்.

கடிக்கும் வலிமையும் பெரிய உடலும் எப்போதும் ஒன்றாய்ச் சேர்வதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நியூசிலாந்தில் வேட்டா என்று ஓர் இனம் உண்டு; சுவர்க்கோழிக்குத் தூரத்து உறவு. ஹவுதுறு என்னும் சிறு தீவில் எஞ்சி நின்ற இராட்சத வேட்டாவின் முட்டை நிறைந்த பெண்ணொன்று 71 கிராம் நிறுத்ததாகப் பதிவுண்டு. இரண்டு சிட்டுக்குருவிகளின் எடை! ஆயினும் அது சாது. அதனினும் மிகச் சிறியதான மர வேட்டாவின் ஆணே, பெருந்தலையும் நீண்ட தாடையும் கொண்டு, முட்கால்களை உயர்த்தி அச்சுறுத்தி, தொட்டவரை நன்றாகக் கடிக்கும். அந்நாட்டுத் தோட்டங்களில் துளையிட்ட மரக்கட்டைகளைத் தொங்கவிட்டு அதற்கு வீடு கொடுக்கிறார்கள். இராட்சத வேட்டாவோ சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. வீட்டில் வளர்க்க இயலாது.

மீண்டும் சீனத்துக்கு வருவோம். 1425 முதல் 1435 வரை ஆண்ட மிங் வமிசத்துச் சுவான்தே சக்கரவர்த்தி இவ்விளையாட்டில் மோகங்கொண்டவர். சூசௌ நகர அதிகாரிக்கு ஆயிரம் பூச்சிகள் வேண்டுமென்று கட்டளை போயிற்று. அரசர் கேட்பது பூச்சியெனினும் குடிகளுக்கு அது வரியே அல்லவா? அவர் காலத்துப் பீங்கான் பூச்சிக் கலங்களின் துண்டுகள் 1993 இல் ஜிங்தேஜென் நகரில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன.

அந்த வரியை வைத்துப் பூ சொங்லிங் என்பவர் ஒரு கதை எழுதினார். 1640 இல் பிறந்து 1715 இல் மறைந்த இவர், பரீட்சைகளிற் பலமுறை தவறி, பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லியே காலங் கழித்தவர்; எங்கள் தொழிற்காரர் என்பதனால் எனக்கு அவர்மேல் ஒரு பரிவு. அவர் பிறந்த ஷான்டொங் மாகாணம் இன்றும் நல்ல சண்டைப் பூச்சிகளுக்குப் பேர்போனது. கதையில், பூச்சி கொண்டுவந்து கொடுக்க முடியாத ஓர் ஏழைப் படிப்பாளி பிரம்படி படுகிறான். அரும்பாடுபட்டு ஒன்றைப் பிடித்து வைக்க, அவனுடைய ஒன்பது வயது மகன் ஆசையினால் கலத்தைத் திறக்கிறான். பூச்சி துள்ளுகிறது, பிடிக்கும் முயற்சியில் நசுங்கிப் போகிறது. தகப்பனுக்கு அஞ்சிய பிள்ளை கிணற்றில் விழுகிறான். தூக்கியெடுத்த பின்னர் மூச்சு திரும்பிற்று, நினைவு திரும்பவில்லை. மறுநாள் முற்றத்தில் ஒரு சிறிய சுவர்க்கோழி தானாகவே வந்து தகப்பன் சட்டையில் ஏறுகிறது. அது எல்லாப் பூச்சிகளையும் வெல்கிறது; கொத்த வந்த சேவலின் கொண்டையையும் கவ்விக்கொள்கிறது. அரசருக்குக் காணிக்கையாகி, குடும்பத்துக்குச் செல்வம் தருகிறது. நெடுநாளின் பின் கண்விழித்த பையன், தானே அந்தச் சுவர்க்கோழியாக மாறிப் போரிட்டதாகச் சொல்கிறான். பிள்ளை தன் உயிரைக் கொண்டு வரி கட்டிய கதை இது.

கதையைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகன் நெடுநேரம் பேசவில்லை. பின், “இது ஏன் கத்துதில்லை எண்டு நீங்கள் இன்னும் சொல்லேல்லை” என்றான்.

பாடுவது ஆண் மட்டுமே. ஒரு சிறகின் பற்களை மறு சிறகின் விளிம்பில் உரசி ஒலி எழுப்புவது. கேட்கும் செவி முன்னங்கால்களில் இருக்கிறது. ஆணுக்குப் பின்புறம் இரண்டு வால் போன்ற நீட்சிகள். பெண்ணுக்கு, முட்டையிடும் ஊசி நடுவில் நிற்பதால், மூன்று. சீனர் பெண்ணை மூன்று வாலி என்றே அழைப்பார்கள். இதை விளக்கிவிட்டு, எண்ணிப் பார்ப்போமென்று நான்தான் போத்தலைத் திறந்தேன். பூச்சி துள்ளிற்று. வெளியே போய்விடுமோ என்ற பதற்றத்தில் மூடியை அவசரமாக அழுத்தினேன். எடுத்துப் பார்த்தபோது ஒரு பின்னங்கால் மூடியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கதையில் தகப்பனுக்கு மகன் அஞ்சினான். அன்றிரவு மகனின் முகத்தைப் பார்க்க எனக்கு அச்சமாயிருந்தது. அவன் அழவில்லை, கோபிக்கவுமில்லை. ஒரு வெள்ளரித் துண்டை உள்ளே போட்டுவிட்டுப் படுக்கப் போனான். எனக்கு உறக்கம் வர வெகுநேரமாயிற்று. வெளியே வேலியோரத்தில் ஆண்கள் பாடிக்கொண்டிருந்தன.

விடியற்காலையில், பாடசாலைக்குப் புறப்படுமுன், அவன் போத்தலைக் கிணற்றடிக் கற்குவியலுக்கு எடுத்துச் சென்று சரித்தான். நானும் பின்னால் நின்றேன். அது உடனே வெளியேறவில்லை. போத்தல் வாயில் சற்று நின்று, உணர்கொம்புகளால் வெளியைத் தடவிப் பார்த்து, பின் மெல்ல நடந்து கல்லின் கீழே நுழைந்தது.

“மூண்டு வால்தான், அப்பா” என்றான்.