அனுபவத்துக்குக் கணக்கு வேண்டும்

உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் 2024 ஏப்ரலில் உயிரிழந்ததையடுத்து, சென்னைப் புறநகர்த் தனியார் மருத்துவமனை ஒன்றின் உரிமத்தை அரசு தற்காலிகமாக நிறுத்திவைத்தது தேவையான நடவடிக்கை; ஆனால் போதுமானதல்ல. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கும் சிகிச்சைக்கு மருத்துவரைத் தேடுபவர் கையில் இருப்பது பெரும்பாலும் விளம்பரமும், அதில் பெருமையாகப் போடப்படும் அனுபவ ஆண்டுகளும்தான். ஆண்டுகளை எண்ணி என்ன பயன்? பார்க்க வேண்டியது கைத்திறனை. அமெரிக்காவின் மிச்சிகனில் எடைக் குறைப்பு அறுவை செய்யும் 20 மருத்துவர்களின் அறுவைக் காணொளிகளைச் சக மருத்துவர்களே மதிப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வில், கைத்திறனில் கடைசிக் கால்பகுதியினரிடம் சிக்கல்கள் 14.5 சதவீதம், முதல் கால்பகுதியினரிடம் 5.2 சதவீதம். திறன் குறைந்தவர்கள் ஆண்டுதோறும் செய்த சிகிச்சைகளும் குறைவே. எனவே, ஒரு மருத்துவர் இதே சிகிச்சையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார், எத்தனை பேருக்குத் தையலில் கசிவு ஏற்பட்டது, எத்தனை பேர் மீண்டும் அறுவை அரங்குக்குப் போனார்கள், நள்ளிரவில் நாடித்துடிப்பு எகிறினால் பார்க்க யார் இருக்கிறார் என்பதையெல்லாம் நோயாளிக்கு எழுத்துபூர்வமாகத் தருவதை உரிம நிபந்தனையாக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஆபத்து மிகுந்த நோயாளிகளை மருத்துவர்கள் தட்டிக்கழிப்பார்கள் என்பது புறந்தள்ள முடியாத வாதமே. ஆயினும் நீரிழிவு, இதயநோய், பருமனின் அளவு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு எண்களைச் சீர்செய்யும் முறை இருக்கையில், மூடிமறைக்க அது சாக்காகாது. பிரிட்டனில் தனித்தனி மருத்துவர்களின் சிகிச்சை முடிவுகள் 2013இலேயே வெளியிடப்பட்டன. கணக்குத் தர மறுக்கும் மருத்துவமனைக்கு இந்தச் சிகிச்சைக்கான அனுமதியை அரசு வழங்கக் கூடாது.